இன்ஷிராஹ் மீட்ட இருபத்து நான்கு பத்திரங்கள்

எகிப்தில், மன்சூரா நகரத்தில் எங்கள் தெருவில் ஐந்து வீடு தள்ளி இருப்பவள் இன்ஷிராஹ். நான் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மாதம் பிறந்தால் எனக்குச் சம்பளம் வந்துவிடும், மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும். அவள் வீட்டில் அப்படி இல்லை. புருஷன் ஷவ்கி வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவன். கல்யாணக் காலத்தில் ஓயாமல் வேலை இருக்கும். குளிர்காலத்தில் சுவர் ஈரம் காயாது, ஏணியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பான். இவள் திராட்சை இலைக்குள் அரிசி வைத்துச் சுருட்டிக் கொடுப்பாள், சின்னச் சுரைக்காய்களைக் குடைந்து கொடுப்பாள், பூண்டு உரிப்பாள், முலூக்கியாக் கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுப்பாள். வேலைக்குப் போகும் பெண்கள் வாங்கிக்கொண்டு போய் அடுப்பில் ஏற்றுவதுதான் பாக்கி. ரமலானில் இரண்டு கை போதாது. கிறிஸ்தவ வீடுகளில் பாஸ்கா நோன்பு வந்தால் இறைச்சி இல்லாத இலைச் சுருளுக்கு ஆர்டர் குவியும். கோடையில் அந்தப் பெண்கள் எல்லோரும் ராஸ் எல் பர் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். இவள் கத்தியில் துரு ஏறும்.

மூத்த மகள் ஹனாதிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், அடுப்பு மூன்றும் பெண் வீட்டுக் கணக்கு என்று பேச்சு. ஹாஜி பஸ்யூனி கடையில் தவணைக்கு எடுத்தார்கள். மாதம் தொள்ளாயிரம் பவுண்டு, இரண்டு வருஷம். தவணைக்கு ஒன்றாக இருபத்து நான்கு அமானத்துப் பத்திரங்களில் இன்ஷிராஹ் கையெழுத்துப் போட்டாள். பணத்தை நம்பி ஒப்படைத்தார்கள், திருப்பித் தருகிறேன் என்று அர்த்தம். தராவிட்டால் அது கடன் பாக்கி இல்லை, மோசடி. ஜெயில். தொகை எழுதும் இடத்தை ஹாஜி காலியாகவே விட்டிருந்தார்.

"எழுத வேண்டாமா?" என்று ஷவ்கி கேட்டானாம்.

"என்ன மகனே, நமக்குள்ள என்ன?" என்று ஹாஜி தேநீர் வரவழைத்தாராம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. முதல் நான்கு தவணையை ஒழுங்காகக் கட்டி நான்கு பத்திரங்களைத் திரும்ப வாங்கினார்கள். பிறகு மழைக்காலம். ஷவ்கிக்கு முப்பத்தெட்டு நாள் வேலை இல்லை. இரண்டு தவணை தவறியது. கடை ஆள் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி போலீஸ் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனான். அதே வாரம்தான் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணை இதே மாதிரிப் பத்திரத்துக்காகக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அவள் கைக்குழந்தையை மாமியார் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

மறுநாள் நான் வேலை முடிந்து வரும்போது இன்ஷிராஹ் என் வாசலில் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அக்கா, உங்களுக்கு எழுதத் தெரியும். போன வருஷம் எந்த மாசம் எங்களுக்கு எவ்வளவு வந்துச்சுன்னு நான் சொல்றேன், எழுதுங்க."

"ஞாபகம் இருக்கா?"

"யார் வீட்டுக்கு எத்தனை கிலோ சுருட்டினேன்னு விரலுக்கு ஞாபகம் இருக்கு."

சர்க்கரைப் பெட்டி அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினோம். எழுதி முடித்ததும் எனக்கே வியப்பாக இருந்தது. வருஷத்தில் ஐந்து மாதம் அவர்கள் என்னைவிட அதிகமாகச் சம்பாதித்தார்கள். மூன்று மாதம் ரொட்டிக்கே இழுபறி. மீதி மாதங்கள் எப்படியோ ஓடின. அட்டையை ரொம்ப நேரம் பார்த்தாள். எழுத்து வராது அவளுக்கு, ஆனால் எண்கள் தெரியும்.

"அக்கா, நான் கையெழுத்துப் போட்டது உங்க மாதிரிச் சம்பளக்காரி கட்டற கடன். என் சம்பாத்தியம் வேற மாதிரி நடக்குது."

அட்டையை மடித்துக்கொண்டு ஹாஜி கடைக்குப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துப் போனாள். பஸ்யூனி எழுபது வயதுக்காரர், கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கொடுத்த பணம் திரும்பி வராதோ என்ற பயத்திலேயே கிழவராகிவிட்டவர்.

"ஹாஜியார், மாசம் தொள்ளாயிரம் என்னால ஆகாது. ஆகும்னு சொன்னா பொய். ரமலான், ரெண்டு பெருநாள், பாஸ்கா நோன்பு, கல்யாண மாசம், இந்த அஞ்சுலயும் மாசத்துக்கு ரெண்டு பத்திரம் மீட்கறேன். மத்த மாசம் நூறோ இருநூறோ கொண்டாருவேன். அது சேர்ந்து தொள்ளாயிரம் ஆனா இன்னொண்ணு."

"நீ எனக்குச் சட்டம் போடறியா?"

"என்னை உள்ள வச்சா உங்களுக்கு என்ன கிடைக்கும்? ஜெயில்ல எனக்கு யாரு சுரைக்காய் கொடுப்பாங்க?"

கடையில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். ஹாஜிக்கும் உதடு அசைந்தது. "இருபது பத்திரம் இருக்கு. எப்ப முடியும்?"

"ரெண்டு வருஷம்."

"நான் இருப்பேனா?"

"நான் கட்டி முடிக்கற வரைக்கும் அல்லாஹ் உங்களை வைக்கணும். என் பிள்ளைகளுக்கு அடுத்தபடி உங்களுக்குத்தான் துஆ கேட்கறேன்."

ஒத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. கையில் எவ்வளவு வந்தாலும், அது ஷவ்கியின் கூலியானாலும் இவளுடைய காசானாலும், பத்தில் மூன்று பங்கு ஹாஜிக்கு, ஒரு பங்கு டப்பாவுக்கு. மீதி ஆறில்தான் வீடு. டப்பா என்பது ஒரு காலி நெய் டப்பா. அதை என் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டாள்.

"என்கிட்ட இருந்தா நானே எடுத்துருவேன். நான் கெஞ்சினாக்கூடக் குடுக்காதீங்க. காரணம் கேளுங்க."

ஷவ்கிக்கு இந்த டப்பா பிடிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை என் முன்னாலேயே சண்டை.

"தலைக்கு மேல கடன் நிக்குது, இவ சேத்து வைக்கறா! அதையும் கிழவன் மூஞ்சில விட்டெறிஞ்சா மூணு மாசம் முந்தி முடியுமில்ல?"

"முடியும். அதுக்குள்ள நமக்கு ஒரு தலைவலி கூட வராதுன்னு நீ எழுதிக் குடு, எறிஞ்சிடறேன்."

"உன் வாயே நமக்குத் தலைவலிதான்."

"அதுக்கு மாத்திரை வாங்கத்தான் டப்பா."

அவன் கோபமாகத்தான் எழுந்து போனான். தெரு முனையில் நின்று தனியாகச் சிரித்ததை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அந்த ஆறு பங்கில் வாழ்ந்த வாழ்க்கையை நான் அழகாக்கிச் சொல்ல முடியாது. இறைச்சி மாதத்துக்கு ஒரு தடவை வந்தது. சின்ன மகள் அக்காவின் பழைய கோட்டில் பள்ளிக்கூடம் போனாள். ரமலானில் இன்ஷிராஹ் ஒரே நாளில் பதினெட்டு கிலோ சுருட்டியிருக்கிறாள். நோன்பு திறக்கும் நேரத்தில் தண்ணீர்க் குவளையைப் பிடிக்க விரல் மடங்காமல், மகள்தான் வாயில் ஊற்றினாள். அந்த மாதம் இரண்டு பத்திரம் என்று சொன்னவள் மூன்று மீட்டாள். மீட்ட ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் கையெழுத்துத்தானா என்று பார்த்து, அடுப்பில் போடுவாள்.

அடுத்த குளிர்காலத்தில் ஷவ்கி ஏணியிலிருந்து விழுந்தான். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நாற்பத்தைந்து நாள் தூரிகை பிடிக்கக் கூடாது என்றார்கள். மருத்துவமனையிலேயே ஒரு உறவுக்காரப் பெண் இன்ஷிராஹ்வின் காதில், "எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான். இன்னைக்கே ஆயிரத்தைந்நூறு தருவான். ஒரே ஒரு பத்திரம்தான்," என்றாள்.

இன்ஷிராஹ் நேராக என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, காரணம் கேளுங்க."

நான் கேட்கவில்லை. டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். ஆயிரத்து நானூற்று இருபது பவுண்டு இருந்தது. ஐந்தும் பத்துமாக, பூண்டு வாசனையோடு. மருத்துவச் செலவும் இரண்டு மாத வாடகையும் அதில் நடந்தன. கட்டுப் போட்ட கையோடு ஷவ்கி வீட்டில் உட்கார்ந்து இடது கையால் பூண்டு உரித்தான். முதல் நாள் அவன் உரித்த பூண்டைப் பார்த்து, "இதைச் சாப்பிட்டா வாடிக்கைக்காரங்க ஓடிருவாங்க, பாதித் தோல் அப்படியே இருக்கு," என்றாள்.

"அப்ப பாதிக் கூலி குடு," என்றான் அவன். டப்பாவைப் பற்றிய பேச்சை அதன் பிறகு அவன் எடுக்கவில்லை. கட்டுப் பிரித்து வேலைக்குப் போன முதல் நாள் கூலியில், மனைவி கேட்கும் முன் டப்பாவின் பங்கை அவனே கொண்டுவந்து என்னிடம் தந்தான்.

மீதி இருந்த இருபதில் கடைசிப் பத்திரத்துக்கான பணத்தை அவள் கொண்டுபோனது ஒரு பெருநாளுக்கு அடுத்த வாரம். ஹாஜி எண்ணி வாங்கிக்கொண்டார். இழுப்பறையைத் திறந்தார், மூடினார்.

"கடைசிக் காகிதம் எங்கயோ மாட்டிக்கிச்சு. கிடைச்சா அனுப்பறேன். போ, முடிஞ்சது."

"முடியல ஹாஜியார். காகிதம் வந்தாத்தான் முடியும்."

"என் மேல நம்பிக்கை இல்லையா? இத்தனை வயசுல உன் காகிதத்தை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ண மாட்டீங்க. உங்களுக்கு அப்புறம் இழுப்பறையைத் திறக்கறவங்க யாருன்னு எனக்குத் தெரியாதே. அதுல என் பேர் இருக்கு, தொகை இல்ல."

அவர் எரிந்து விழுந்தார். அவள் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலையில் ஒரு குட்டை ஸ்டூல், ஒரு மூட்டை சுரைக்காய், அகலமான பாத்திரம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய், கடை வாசலுக்குப் பக்கத்தில் நடைபாதையில் உட்கார்ந்து குடைய ஆரம்பித்தாள். வருகிறவர்களுக்கு வழிவிட்டாள். சத்தம் போடவில்லை. யாராவது என்ன என்று கேட்டால், "ஹாஜியார் ஒரு காகிதம் தேடறார். கிடைக்கற வரைக்கும் என் வேலையைப் பார்க்கறேன்," என்பாள். முதல் நாள் ஆறு பேர் கேட்டார்கள். இரண்டாம் நாள் எண்ண முடியவில்லை. நடுப்பகலில் ஹாஜியே வெளியே வந்து, "வெயில்ல உட்காராதே, உள்ள வா," என்றார். அவள் ஸ்டூலை நிழலுக்கு நகர்த்திக்கொண்டாள், உள்ளே போகவில்லை.

மூன்றாம் நாள் நானும் விடுப்புப் போட்டுவிட்டு அங்கே நின்றேன். ஒரு தாயும் கல்யாணப் பெண்ணும் வந்தார்கள். தாயின் முகத்தில் அந்தச் சந்தோஷமும் கலக்கமும் சேர்ந்து இருந்தன. இன்ஷிராஹ் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மப்ரூக், வாழ்த்துகள் சகோதரி. எத்தனை பத்திரத்துல கையெழுத்துப் போடப் போறீங்க?"

"முப்பதுன்னு சொன்னாங்க."

"போடுங்க, நல்லபடியா நடக்கட்டும். ஒண்ணு மட்டும். தொகையை எழுதின பிறகு போடுங்க. கட்டக் கட்ட ஒவ்வொண்ணாத் திரும்ப வாங்குங்க. நான் என்னோட கடைசிப் பத்திரத்துக்குத்தான் உட்கார்ந்திருக்கேன்."

தாய் மகளைப் பார்த்தாள். மகள் கடைக்குள் பார்த்தாள். உள்ளே ஹாஜி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் கேட்டது. பத்து நிமிஷம் ஆகியிருக்காது. ஒரு பழைய ரசீதுப் புத்தகத்துக்குள் இருந்ததாகச் சொல்லி, காகிதத்தை நீட்டியபடி வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது, கோபமா வெட்கமா தெரியவில்லை.

"கண்ணு மங்கிப் போச்சு, இன்ஷிராஹ்."

"அல்லாஹ் பார்வையைக் குடுக்கட்டும் ஹாஜியார்," என்றாள் அவள், குத்தல் இல்லாமல். கையெழுத்தைப் பார்த்தாள். வீடு வரைக்கும் பொறுக்கவில்லை. அங்கேயே நான்காக, எட்டாக, பதினாறாகக் கிழித்துச் சுரைக்காய்ச் சக்கையோடு போட்டாள். அந்தக் கல்யாணப் பெண்ணின் தாய் அன்று முப்பது பத்திரத்திலும் தொகை எழுதச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாள். ஹாஜி எழுதினார்.

கடன் முடிந்த பிறகும் பத்தில் நான்கை எடுத்து வைப்பதை அவள் நிறுத்தவில்லை. இப்போது நான்கும் டப்பாவுக்கே. ஷவ்கி மட்டும் இறைச்சி வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்டு, அதை வாரம் ஒரு தடவை ஆக்கினான். கடன் முடிந்த ஏழாம் மாதம் ஒரு பழைய உறைபெட்டி வாங்கினார்கள், மொத்தப் பணமும் கையில் கொடுத்து. வசந்தத்தில் திராட்சை இலை மலிவாகக் கிடைக்கும்போது கட்டுக்கட்டாக வாங்கிச் சுருட்டி அதில் அடுக்கிவிடுகிறாள். ஆர்டர் இல்லாத வாரங்களிலும் எடுத்து விற்கக் கொஞ்சம் இருக்கிறது. அதற்காக அவர்கள் வருமானம் என்னுடையதைப் போல ஆகிவிடவில்லை. போன குளிர்காலத்திலும் மூன்று வாரம் ஷவ்கி சும்மா இருந்தான். ஒரு நாள் மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பருப்புச் சூப்பும் வெங்காயமும்தான் இருந்தன. எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். வாசல் கதவு தட்டப்பட்டது. கடை ஆள் வந்து நின்ற பழைய நினைப்பில் நான்தான் திடுக்கிட்டேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே, "யாராயிருந்தாலும் உள்ள வாங்க, கதவு திறந்துதான் இருக்கு," என்றாள்.