மதுரா மாஸ்க்கைக் காட்டிய பயணம்

போன செவ்வாய்க்கிழமை என் மகள் மதுராவுடன் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போனேன். அவளுக்கு ஒன்பது வயது, டவுன் சின்ட்ரோம். நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவதால், மூக்குக்குக் காற்று ஊதும் மெஷினையும் மாஸ்க்கையும் கொழும்புக் கிளினிக்கில் ஒரு மாதத்துக்கு இரவல் தந்திருந்தார்கள். "போடப் பழகாட்டி மற்றப் பிள்ளைக்குக் குடுக்க வேணும்" என்று டொக்டர் முதலே சொல்லிவிட்டார். மாதம் முடிந்தது, அவள் ஒருநாளும் போடவில்லை. கெஞ்சினேன், ஏசினேன், ஒருநாள் கையைப் பிடித்துப் பலவந்தமாகவும் போட்டேன். அது என் பிழைதான். அதன்பிறகு மாஸ்க்கைக் கண்டாலே கட்டிலுக்குக் கீழே ஒளிந்துவிடுவாள்.

அன்புவழிபுரத்திலிருந்து ஓட்டோவில் வந்து காலை 5.45 பஸ்ஸைப் பிடித்தோம். கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர், எட்டு மணித்தியாலம். யுத்த நிறுத்தம் என்று பெயர்தான், செக்பொயின்ற் ஒன்றும் குறையவில்லை. 6.20க்குக் கப்பல்துறைக்குக் கிட்ட எல்லாரையும் சோதனைக்கு இறக்கினார்கள்.

எங்கள் பைக்குள்ளிருந்து மெஷினின் குழாயும் பெட்டியும் வெளியே வந்ததும் ஆமிக்காரரின் முகம் மாறிவிட்டது.

"இது என்ன? காட்டு!"

அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சச் சிங்களமும் அந்த நேரம் பார்த்து ஓடிவிட்டது. பின்னால் நின்ற ஒருவர், "கெதியாச் சொல்லுங்கோ அக்கா, வெயில் ஏறுது" என்றார். காலை ஆறரைக்கு என்ன வெயிலோ!

மதுராவுக்குச் செக்பொயின்ற் பழக்கம். காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். முதலில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினாள். பிறகு மாஸ்க்கை எடுத்துத் தானே மூக்கில் வைத்து, பட்டியைத் தலைக்குப் பின்னால் இழுத்துவிட்டாள்.

"என்ர" என்றாள், தன் நெஞ்சைத் தொட்டு.

ஆமிக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. கந்தளாய் வரும்வரை அவள் கழற்றவில்லை.

கிளினிக்கில், "போடுறாவோ?" என்று டொக்டர் கேட்டார். "மதுரா, டொக்டருக்குக் காட்டு" என்றேன். போட்டாள். மெஷினை ஓடவிட்டதும், குழாயில் வந்த காற்றை முதலில் கையில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெஷினோடு ஐந்து நிமிடம் இருந்தாள். "இன்னும் ஒரு மாதம் வைச்சிருங்கோ" என்றார் டொக்டர்.

இப்படிப் போகிறவர்கள் மெஷினைப் பையில் மேலாக வையுங்கள். டொக்டரிடம் சிங்களத்திலும் ஒரு கடிதம் வாங்குங்கள். மாஸ்க் பழக்குவதைப் படுக்கையில் தொடங்க வேண்டாம். பகலில், காற்று ஓடாமல், வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பிள்ளையே போட்டுக் காட்டட்டும்.

நேற்றுப் படுக்கும்போது நான் "போடு" என்று சொல்லவில்லை. அறை வாசலை மறித்து நின்று, "இது என்ன? காட்டு!" என்றேன். போட்டாள். பிறகு என் கைப்பையைக் காட்டி, "அம்மாவும் காட்டு" என்றாள். எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினேன். அடையாள அட்டையை அவள் கையில் கொடுத்தேன். அதைப் பிடித்தபடியே நித்திரையாகிவிட்டாள், மாஸ்க்கோடு.