கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், உருளை இயந்திரத்திலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்பை இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டும். சுவர்ப்பக்கம் நிற்பவர் முகத்தில்தான் ஆவி அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அங்கே நின்று இருமிக்கொண்டிருந்தேன். மறுநாள் மடிப்பக்கா முந்திக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் நின்றார்.

மடிப்பக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். அவர் மடித்து அடுக்கினால் விரிப்புகள் கட்டிய சுவர் மாதிரி நிற்கும். கணவர் போன பிறகு ஒரே மகளைத் தனியாளாக வளர்த்தார். அவள் கல்யாணமாகிக் கடல் கடந்து போய்விட்டாள். அக்கா ஓய்வு பெற்ற வருஷம் பிரசவம் நெருங்கியபோது, "அம்மா, நீ பக்கத்துல இருந்தா போதும்" என்று விமான டிக்கெட்டே அனுப்பிவிட்டாள். அக்காவோ, "கீழ முழுக்கத் தண்ணி, மேல நான் தொங்கிக்கிட்டுப் போகணுமா? என்னால ஆகாது" என்று ஒரே பிடியாக இருந்தார். கடலை அவர் பார்த்ததே இல்லை. நானும்தான்.

தையல் பிரிவில் இருந்த எங்கள் தோழியைப் பட்டன் என்று கூப்பிடுவோம். அவள் வீட்டுக்காரர் பழைய ரொட்டி வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, திரைச்சீலை எல்லாம் வைத்து வீடாக்கியிருந்தார். "கடலைக் கண்ணால பாத்துட்டா பயம் தெளிஞ்சிடும்" என்று ஒரு சனிக்கிழமை பட்டன் எங்களை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டினாள்.

மணல்மேட்டின் ஓரம் வேன் நின்றது. கதவைத் திறந்து இறங்கினேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நீலமாக ஒரு பட்டை போட்டிருப்பார்கள். அவ்வளவுதான் கடல் என்று நினைத்திருந்தேன். இது முடியவே இல்லை. வானம் வந்து இறங்கும் இடம்வரை அசைந்துகொண்டே இருந்தது. கைகள் தாமாகக் குவிந்தன. ஆண்டவனே, இத்தனை பெரியதைப் பார்த்துக்கொள்ளும் நீதானா எங்கள் இருமலுக்கும் காது கொடுக்கிறாய் என்று இருந்தது.

அக்கா இறங்கவில்லை. திரையை இழுத்துவிட்டுக் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"சத்தம் கேக்குதே, அது போதும்."

"சத்தம் கேக்கவா இவ்வளவு தூரம் பெட்ரோலை எரிச்சேன்? அதுக்கு நம்ம சலவை மெஷின் போதாதா?" என்றாள் பட்டன்.

"போடி வாயாடி. போய் டீயைப் போடு."

அன்று பொழுது அப்படியே போய், இரவு வேனிலேயே படுத்தோம். மறுநாள் காலையில் பட்டன் கட்டில் விரிப்பில் டீயைக் கொட்டிவிட்டாள். சலவைக்கூடத்துக் கைகள் சும்மா இருக்குமா? இவ்வளவு தண்ணீர் கிடக்கிறதே என்று சோப்பும் கையுமாக இருவரும் கடலில் இறங்கினோம். எவ்வளவு தேய்த்தும் நுரையே வரவில்லை. அதற்குள் ஓர் அலை விரிப்பைப் பிடித்து இழுக்க, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தடுமாறினோம்.

வேன் ஜன்னலின் திரை விலகியது.

"ஏய், ஓரத்தைப் பிடிங்கடி! உப்புத்தண்ணியில சோப்பு போடுற புத்திசாலிகளை இப்பத்தான் பாக்குறேன். காய்ஞ்சா அட்டை மாதிரி நிக்கும்!"

பொறுக்க முடியாமல் விறுவிறுவென்று வந்தார். முனையைப் பிடித்து எதிர்ப்பக்கமாக முறுக்கினார். அடுத்த அலை இடுப்புவரை நனைத்தபோதுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. அலறப் போகிறார் என்று பயந்தேன். அவர் விரிப்பை என் கையில் விட்டுவிட்டு மெல்லத் தலையை நிமிர்த்தினார். வெகுநேரம் பார்த்தார்.

"இதைத் தாண்டியா அவ போனா? இருட்டுல கொல்லைப்பக்கம் போக என் கையைப் பிடிச்சுக்கிட்ட பொண்ணு."

"அழாதீங்கக்கா."

"அழலடி. கும்பிடணும்போல இருக்கு."

மறு வாரமே புறப்பட்டார். பேத்தியை வளர்த்து ஆளாக்கிவிட்டு, அங்கேயே கண்ணை மூடினார். விமான நிலைய வாசலில்தான் நாங்கள் அவரைக் கடைசியாகப் பார்த்தது. பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, "பயம் போயிடுச்சா அக்கா?" என்று பட்டன் கேட்டாள்.

"எங்கடி போச்சு? வயித்துக்குள்ளதான் இருக்கு. ஆனாலும் ஜன்னலோர சீட்டு கேட்டிருக்கேன். அவ்வளவு பெருசை மேலேருந்து ஒரு தடவை பாக்காம போனா, படைச்சவன் கோவிச்சுக்க மாட்டானா?"