வராத மிஷினுக்கு நிறம் கேட்டோம்

கும்பகோணத்தில் இருந்துகொண்டே நான்கு வருடம் சென்னை கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்தேன். கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம் மிஷின் செய்கிற சின்ன கம்பெனி. மிஷினை வாங்கியவர்கள் கூடிப் பேசுவதற்கு இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தோம். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், சண்டை வந்தால் விலக்க வேண்டும், யாரும் சலித்துப்போய் விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழ்வேளூர் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னைப் படிக்கவைத்த அம்மாவுக்கு இந்த வேலையைப் புரியவைக்கவே முடியவில்லை. "விளையாடுறவங்கள விளையாடச் சொல்றதுக்கு ஒரு ஆளா?" என்று சிரிப்பார்.

ஆரம்பத்தில் அதற்கு ஆள் தேவைப்படவில்லைதான். எங்கள் முதல் மிஷினில் டவுன் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. நெரிசலான கடைத்தெருவுக்குள் பஸ்ஸை நுழைத்து, எந்தச் சுவரிலும் உரசாமல் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அதற்காகவே மிஷின் வாங்கியவர்கள் உண்டு. குழுவில் காலையில் கண்விழித்தால் நூறு செய்தி கிடக்கும். எந்தத் திருப்பத்தில் எவ்வளவு ஸ்டியரிங் ஒடிக்க வேண்டும் என்று பெரிய மனிதர்கள் எல்லாம் வாதம் செய்வார்கள்.

இரண்டாவது வருடக் கடைசியில் புதிய மிஷின் வருகிறது என்று அறிவித்தோம். படம்கூட வெளியிட்டோம். அதற்கு வேண்டிய சிப் கிடைக்கவில்லை. கிடைத்தபோது திரை பொருந்தவில்லை. மாதங்கள் ஓடின. கம்பெனியின் கவனம் முழுக்கப் புதியதில் இருந்ததால் பழைய மிஷினுக்குப் புது விளையாட்டும் வரவில்லை, உதிரி பாகமும் வரவில்லை.

கம்பெனியை ஆரம்பித்தவர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மேடம் என்றுதான் கூப்பிடுவோம். "சூடு ஆறாம மட்டும் பாத்துக்குங்க, போதும்" என்று என்னிடம் சொன்னார். நானும் பார்த்துக்கொண்டேன். வாரம் ஒரு போட்டி வைத்தேன். புது மிஷினுக்குச் சிவப்பா பச்சையா என்று வாக்கெடுப்பு நடத்தினேன். இரண்டு நாள் குழு பழையபடி கலகலத்தது. பச்சை ஜெயித்தது. பச்சை அடிப்பதற்கு அப்போது ஒரு மிஷினும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அதன்பிறகு செய்திகள் குறைந்தன. திட்டுகிறவர்கள் இருக்கும்வரை பயமில்லை என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். திட்டியவர்களும் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். ஒருவர் மட்டும் திங்கட்கிழமை தவறாமல் திட்டினார். "பட்டன் போயி எட்டு மாசம் ஆச்சு. நீங்க கலர் கேக்குறீங்க." ஒருநாள் அவருக்குப் போன் செய்தேன். திருவாரூர் பக்கத்துக்காரர். நெல் அறுக்கும் வண்டி ஓட்டுகிறார். பனி ஈரம் காயாமல் வயலில் வண்டியை இறக்க முடியாதாம். வெயில் ஏறும்வரை வண்டியில் உட்கார்ந்து பஸ் ஓட்டுவாராம். இப்போது இடது பட்டன் வேலை செய்யாததால் அவருடைய பஸ் வலது பக்கம் மட்டும் திரும்புகிறது. "அதுலயும் ஒரு மாதிரி ஓட்டிக்கிட்டுதாங்க இருக்கேன்" என்றார்.

அந்த மாதம் மேடம் எனக்கு ஒரு பார்சல் அனுப்பினார். உள்ளே புதிய மிஷினின் கூடு. வெறும் பிளாஸ்டிக். தாராசுரம் கோயிலுக்கு வெளியே நிழலாக ஓரிடத்தில் உட்கார்ந்து, அதில் விளையாடுகிற மாதிரி போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். திரையில் ஓடும் விளையாட்டைச் சென்னையில் ஒட்டி, குழுவில் போட்டுவிடுவார்கள். போனேன். எடை இல்லாத அந்தக் கூட்டின் மேல் கட்டைவிரலை அழுத்தி, ஜெயித்தவள் போலச் சிரித்தேன். மூன்று தடவை எடுத்தேன். மூன்றாவது தடவை எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது என் முகம் எனக்கே பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மேடத்தைக் கூப்பிட்டேன். "என்னால இதை அனுப்ப முடியல மேடம்."

"ஏன்?"

"பொய்யா இருக்கு."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். குரல் உடைந்து வந்தது. "என்கிட்ட காட்டுறதுக்கு வேற ஒண்ணும் இல்லையேம்மா."

அவரை அதுவரை முதலாளியாக மட்டுமே பார்த்திருந்தேன். ஒரு பொருளை ஆசையாகச் செய்துவிட்டு, இரண்டாவது தடவை அது கைகூடாமல் தவிக்கிற ஒருத்தி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "நீங்களே வந்து அவங்ககிட்ட பேசுங்க மேடம்" என்றேன். வேறு யோசனை எனக்கும் இல்லை.

கும்பகோணத்தில் ஒரு ஓட்டலின் மாடி ஹாலை ஞாயிற்றுக்கிழமை காலைக்குப் பிடித்தேன். அறுபது நாற்காலி போட்டோம். பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் அறுப்பு வண்டி ஓட்டுநர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மிஷினை மஞ்சள் பையில் வைத்து மடியில் பிடித்தபடி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மேடம் எழுந்து நின்றார். எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்கவில்லை. "புது மிஷின் இந்த வருஷம் வராது. எப்ப வரும்னு எனக்கே தெரியல. வராமலே போகலாம்" என்றார்.

ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். நூலகத்தில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, "அப்ப அந்தக் கலர் ஓட்டு எதுக்கு எடுத்தீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "தப்புதாங்க" என்றேன்.

ஓட்டுநர்தான் பிறகு பேசினார். "நாங்க கடைமடைக்காரங்க மேடம், ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற ஊரு. இந்த வருஷம் தண்ணி வராதுன்னு முன்னாடியே சொல்லிட்டா, நேரடியா விதைச்சுட்டு மழைய நம்பி இருந்துக்குவோம். இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு சொன்னாத்தான் நாத்து விட்டுட்டு நாசமாப் போறது. இப்ப சொல்லிட்டீங்கள்ல, சரி. இந்தப் பட்டனுக்கு ஒரு வழி பண்ணுங்க."

மேடம் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்தார். சாப்பாட்டு மேசையிலேயே மிஷினைப் பிரித்தார். பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து கிழிந்திருந்தது. தன்னுடைய சொந்த மிஷினைப் பிரித்து அதிலிருந்து ரப்பரை எடுத்துப் போட்டார். ஓட்டுநர் பஸ்ஸைக் கிளப்பி இடது பக்கம் ஒடித்தார். திரும்பியது. இன்னொரு தரம் ஒடித்துப் பார்த்துக்கொண்டார். அதற்குள் மற்றவர்களும் பையைத் திறந்தார்கள். ஒருவருக்கு சார்ஜ் ஏறவில்லை, ஒருவருக்கு ஸ்பீக்கர் கரகரத்தது. மேடம் மதியம் சாப்பிடவே இல்லை. வெளியே போனவர்கூட நான்கு மணிக்குத் திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் தன் மிஷினை வரிசையின் கடைசியில் வைத்தார்.

மறுநாள் குழுவில் மேடம் தன் பெயரிலேயே உண்மையை எழுதினார். ஏசிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். பாதிக் குழு காலியானது. மிச்சம் இருந்தவர்களுக்குப் பழைய மிஷினின் ரப்பரும் பேட்டரியும் செய்து அனுப்பினோம். ஒரே ஒரு புது விளையாட்டும் வந்தது. கம்பெனி பிழைத்தது என்று சொல்ல மாட்டேன். ஒன்றரை வருடம் மூச்சுவிட்டது. பிறகு, வந்த ஆர்டரையெல்லாம் அனுப்பி முடித்துவிட்டு முறையாக மூடினார்கள்.

கடைசி நாள் மேடம் போனில் கேட்டார். "அவங்கள ஏமாத்திட்டோமா?"

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "கொஞ்ச நாள் ஏமாத்தினோம் மேடம். அப்புறம் நிறுத்திட்டோம்" என்றேன்.

"ம்" என்றார். இப்போது அவர் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறார். நான் தஞ்சாவூரில் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறேன். டாக்டர் வர நேரமாகும் என்றால், எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். சிலர் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிப் போவார்கள். பெரும்பாலானவர்கள் காபி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.