ஒன்பதாவதுக்குப் போகிற பிள்ளைகளின் கூட்டம்

எங்கள் ஊர்ப் பேச்சில் மரியாதை அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும்போதெல்லாம் முன்பு எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. மரியாதையாகவே ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்த முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதுவும் நானே ஏற்பாடு செய்த கூட்டத்தில்.

சூலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடுநிலைப் பள்ளிகள் எட்டாவதோடு முடிந்துவிடும். ஒன்பதாவதுக்கு அந்தப் பிள்ளைகள் எங்கள் அரசுப் பள்ளிக்கு வர வேண்டும். நான் இங்கே அறிவியல் ஆசிரியை. ஜூன் மாதம் புதிதாக வந்து சேர்கிற பிள்ளைகள் முதல் ஒரு மாதம் மிரண்டுபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், கோடை விடுமுறைக்கு முன்னாலேயே அவர்களையும் பெற்றவர்களையும் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் என்ன என்று ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் கேட்டேன். யோசனை சொன்னவள் தலையில்தானே வேலை விழும்? விழுந்தது. சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

கூட்டத்தன்று ஹால் நிறைந்துவிட்டது. விசைத்தறிப் பட்டறையிலிருந்து முடியில் பஞ்சுத் தூசியோடு அப்படியே வந்த அம்மாக்கள், தோட்டத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்த அப்பாக்கள். ஒரே டீச்சர் நாள் முழுக்க இருக்க மாட்டார், பாடத்துக்கு ஒருவர் வருவார் என்றேன். லேப் உண்டு, செய்முறையை எழுத ரெக்கார்டு நோட்டு உண்டு, மதியச் சாப்பாடு இங்கேயும் உண்டு என்றேன். பெற்றவர்கள் கேட்டதெல்லாம் வேறு. சாயந்திரம் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால் எந்த பஸ்ஸில் வருவது, பெண் பிள்ளைகளுக்குக் கழிவறை எங்கே, அதில் தண்ணீர் வருமா, தாழ்ப்பாள் இருக்கிறதா. நியாயமான கேள்விகள். தாழ்ப்பாள் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, ஜூனுக்குள் போட்டுவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாளே நான் போய் ஆசாரியைக் கூட்டிவந்து போட்டேன், அது வேறு கதை.

கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளை எழுந்தாள். குள்ளமாக, இரட்டைச் சடையோடு இருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா, பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் பார்த்தார்.

"டீச்சர், லேப்புல நாங்களே ஆசிட்டு ஊத்தலாமுங்களா? இல்ல நீங்க ஊத்தறத நாங்க பாக்கோணுமுங்களா?"

ஹாலே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. நீயே ஊற்றலாம் கண்ணு, நான் பக்கத்தில் நிற்பேன் என்றேன். அவள் உட்கார்ந்த பிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிகிற நேரத்தில் எங்கள் ஹெட்மாஸ்டர் வந்தார். இந்தப் பக்கத்துக்காரர்தான். தென்னந்தோப்பும் தோட்டமுமாகப் பரம்பரையாக வாழ்கிற குடும்பம். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. பியூனைக்கூட 'வாங்க போங்க' என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகளோடு வந்திருந்த நடுநிலைப் பள்ளி எட்டாவது ஆசிரியர்களைத் தனியே கூப்பிட்டு ஏதோ கேட்டுவிட்டு, சில பெற்றவர்களை மட்டும் தன் அறைக்கு வரச் சொன்னார். அந்த இரட்டைச் சடைப் பிள்ளையின் அம்மாவும் அதில் இருந்தார். படிப்பில் கொஞ்சம் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் கொடுக்கப்போகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். மனுஷன் நல்லவர்தான் என்று பக்கத்து டீச்சரிடம் வேறு சொன்னேன். என் வாயில் மண்ணைப் போட.

ஒவ்வொரு குடும்பமாக உள்ளே போய்வந்தது. எல்லாருக்கும் நாற்காலி, எல்லாருக்கும் டீ. வெளியே வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார்கள். அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஜூனில் பள்ளி திறந்தது. புதுப் பிள்ளைகள் வந்தார்கள். அந்தப் பிள்ளை வரவில்லை. ஊருக்குப் போயிருப்பாள், காய்ச்சலாக இருக்கும், நாளைக்கு வருவாள் என்று இருந்தேன். பிறகுதான் யோசித்தேன், அன்றைக்கு அந்த அறைக்குள் போய் டீ குடித்த வீட்டுப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். அவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "நம்ம சொல்ல வேண்டியதச் சொல்லிப்போட்டமுங்க டீச்சர். முடிவெடுக்கிறது பெத்தவங்க இல்லீங்களா" என்றார். அந்தப் பேச்சில் குறை சொல்ல ஒரு இடம் கிடைக்கவில்லை. எனக்கோ உள்ளே கொதித்துக்கொண்டு வந்தது.

அன்றே பள்ளி விட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டைத் தேடிப் போனேன். பட்டறைக்குப் பின்னால் லைன் வீடுகள். தறிச் சத்தத்தில் பேசுவது காதில் விழாது, பட்டறை வாசலில் நின்று கையைக் காட்டித்தான் அந்த அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. உள்ளே அந்தப் பிள்ளை உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள், தறிக்கு ஊடை நூல் சுற்றுகிற வேலை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். கையில் நூல் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அம்மா ஏதோ சொன்னதும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மா வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் பாயை விரித்தார். புருஷன் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார், வீட்டு முடிவெல்லாம் இந்த அம்மாவுடையதுதான். ஏனுங்க பிள்ளையை அனுப்பவில்லை என்று கேட்டேன். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி கொஞ்சமும் இல்லை. ஹெட்மாஸ்டரைப் பற்றி அப்படிப் புகழ்ந்தார். என்னவெல்லாம் விசாரித்தாராம். புருஷன் எங்கே வேலை, வீட்டு வாடகை கட்டுப்படியாகிறதா, பிள்ளைக்கு ரத்த சோகை மாதிரி இருக்கிறதே, முருங்கைக்கீரை கொடுக்கிறீர்களா என்று. அப்புறம்தான் சொன்னாராம். பிள்ளை தங்கமான பிள்ளை, ஆனால் கணக்கு வரவில்லை, இங்கே ஒன்பதாவது பத்தாவதெல்லாம் கடுமை, நாளைக்குப் பரீட்சையில் தவறினால் பிள்ளை மனசு ஒடிந்துவிடும், பொம்பளைப் பிள்ளை, ஏதாவது செய்துகொண்டால் யார் பதில் சொல்வது. இரண்டு பஸ் மாறிப் போனால் இன்னொரு பள்ளி இருக்கிறது, அங்கே கொஞ்சம் லேசு. இல்லாவிட்டால் தையல் பழகலாம், விரல் நீளமாக இருக்கிறது, தையல் நன்றாக வரும். எதற்கும் வீட்டில் யோசித்துச் செய்யுங்கள், அவசரமில்லை என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினாராம்.

இரண்டு பஸ் மாறிப் பெண் பிள்ளையை அனுப்ப இந்த ஊரில் எந்த அம்மா சம்மதிப்பார்? அது ஹெட்மாஸ்டருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

எனக்கு விஷயம் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. மாவட்டக் கூட்டத்தில் பத்தாவது ரிசல்ட் குறைந்த ஹெட்மாஸ்டர்களை எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். அதற்குப் பயந்துதான், பத்தாவதில் தவறிவிடுவார்கள் என்று இவர் நினைக்கிற பிள்ளைகளை ஒன்பதாவதிலேயே வாசலோடு கழித்துக்கட்டுகிறார். அரசுப் பள்ளி, வந்து நிற்கிற பிள்ளையைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. அதனால் சொல்வதே இல்லை. டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார். அதற்குக் கும்பலைக் கூட்டிக்கொடுத்தவள் நான். முருங்கைக்கீரையாம்.

"அவர் உங்களுக்கு நல்லது சொல்லலீங்க. உங்கள வெளிய அனுப்பிச்சிருக்காருங்க. நீங்க நாளைக்கே புள்ளையக் கூட்டிட்டு வாங்க, சேத்துக்கிட்டே ஆகோணும்" என்றேன். குரல் ஏறிப்போனது. பக்கத்து வீட்டில் எட்டிப்பார்த்தார்கள்.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. என் மேல்தான் கோபம். அவர் மாமனார் காலத்தில் ஹெட்மாஸ்டர் வீடு மாதிரித் தோட்டத்து வீடுகளில் கூலி வாங்கக்கூட இவர்கள் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. அப்படிப்பட்ட வீட்டு மனுஷர் தனக்கு எதிரே நாற்காலியைக் காட்டி உட்காருங்க அம்மணி என்றிருக்கிறார். அதை நான் ஒரே வார்த்தையில் ஏமாற்று என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அவமானமாகப் போய்விட்டது.

"அத்தன பெரிய மனுசரு என்ற புள்ளைக்குன்னு தனியா ஒக்காந்து யோசன சொன்னாருங்க. அவரு பேச்சைத் தட்டிப்போட்டு வந்து நிக்க என்னால ஆகாதுங்க. நீங்க போயிட்டு வாங்க டீச்சர்."

போயிட்டு வாங்க என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பட்டறையைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அழுகிற ஆளில்லை நான்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். சண்டை என்று நான்தான் சொல்ல வேண்டும், அவர் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் பிள்ளைகள் மேல் வைத்திருக்கிற பாசம் எனக்குப் பிடித்திருக்கிறது டீச்சர் என்றார். எனக்கும் டீ வரவழைத்தார். சுவரில் முட்டிக்கொண்டால்கூட நெற்றியாவது வலிக்கும். குடிக்காமல் வந்துவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் இருந்தவர்கள், நமக்கெதற்கு, ரிசல்ட் வந்தால் நம் எல்லாருக்கும்தானே நல்ல பெயர் என்றார்கள். அதில் இரண்டு பேர் மேடையில் பெண் கல்வி பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவர்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கேட்டில் அந்த அம்மா நின்றிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை. பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, நல்ல சேலை கட்டி வந்திருந்தார். நான் ஓடிப்போனேன். என்னை வரவேற்கிற மாதிரியெல்லாம் அவர் ஒன்றும் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்று நடந்துகொண்டே சுருக்கமாகச் சொன்னார். நான் போன பிறகு மனசு கேட்கவில்லையாம். அன்றைக்கு அந்த அறைக்குப் போய்வந்த மற்ற அம்மாக்களும் அதே லைன் வீடுகளிலும் பக்கத்துக் காலனியிலும்தான் இருக்கிறார்கள். உங்களுக்கு என்ன சொன்னார் என்று இத்தனை நாள் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. தனக்கென்று தனியாகச் சொன்ன புத்திமதி, பிள்ளையின் குறை வேறு அதில் இருக்கிறது, அதை எப்படி வெளியே சொல்வது என்று ஆளாளுக்கு மூடி வைத்திருந்தார்கள். இவர் போய்க் கேட்டிருக்கிறார். ஹெட்மாஸ்டர் எல்லாருடைய பிள்ளைக்கும் மனசு ஒடிந்துவிடும் என்றிருக்கிறார். எல்லாரையும் முருங்கைக்கீரை கொடுக்கச் சொல்லியிருக்கிறார். எல்லாப் பிள்ளைக்கும் விரல் நீளமாம்.

"என்ற புள்ளைய அவரு நெசமாப் பாத்தாருன்னு நெனச்சனுங்க டீச்சர்" என்றார்.

நானும் உள்ளே வரட்டுமா என்று கேட்டேன். வாங்க, ஆனால் நீங்கள் பேச வேண்டாம் என்றார். வாயை மூடிக்கொண்டு பின்னால் போனேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

ஹெட்மாஸ்டர் எழுந்தே நின்றுவிட்டார். வாங்க அம்மணி, வாங்க, வீட்டுக்காரர் சௌக்கியமா என்றார். நாற்காலியைக் காட்டினார். அந்த அம்மா உட்காரவில்லை. பிள்ளையை முன்னால் நிறுத்தி, ஒன்பதாவதில் சேர்க்க வந்திருப்பதாகச் சொன்னார். மற்ற வீட்டுக்காரர்களும் நாளைக்கு வருவார்கள் என்றார். சொல்ல வந்ததை நின்றபடியே சொல்லி முடித்தார்.

ஹெட்மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பழைய சிரிப்பு திரும்பி வந்தது. மணியடித்து கிளார்க்கைக் கூப்பிட்டு, இந்தப் பாப்பாவுக்கு இன்றைக்கே அட்மிஷன் போட்டுவிடுங்கள் என்றார். அவ்வளவுதான். இத்தனை நாள் அந்தப் பிள்ளை தார் சுற்றிக்கொண்டிருந்ததற்குப் பதில் அவ்வளவுதான். பிறகு யாரோ தன்னைத் தப்பாகப் புரிந்துகொண்டது போல மெதுவாகக் கேட்டார்.

"சேத்திக்கலாமுங்க, அதுக்கென்ன. நான் எப்பங்க அம்மணி வேண்டாமுன்னு சொன்னேன்?"

நான் வாயைத் திறந்துவிட்டேன். அந்த அம்மா கையை நீட்டி என்னைத் தடுத்தார். அவர் முகத்தை நிமிர்த்தி ஹெட்மாஸ்டரை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"நீங்க சொல்லலீங்க சார். சொல்லீருந்தா அன்னிக்கே சண்ட போட்டுருப்பேனுங்க."