கனம் பார்த்து வாங்கிய ரவுட்டர்

கனமாக இருந்தது என்பதற்காகத்தான் செல்லம்மா அந்த ரவுட்டரை வாங்கினாள். வேறு காரணமே கிடையாது. இதைச் சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முப்பத்தைந்து வருஷம் மீனைக் கையால் தூக்கிப் பார்த்தே வாங்கி விற்றவள், ஒரு பொருளை வேறு எப்படித்தான் பார்ப்பாள்?

திருவொற்றியூரில் அவள் இருக்கும் குப்பத்தில் ஈயக்குண்டு செல்லம்மா என்றால்தான் ஆளைத் தெரியும். அந்தப் பேர் வந்த கதை எல்லாருக்கும் மனப்பாடம். காசிமேட்டு ஏலத்தில் ஒரு விடியற்காலை ஒரு வஞ்சிரத்தை எடுத்தாள். எடுத்த வேகத்தில் முகம் சுளித்தாள். "இன்னாடா இது, வஞ்சிரம் முழுகாம கீதா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவளின் அரிவாள்மணையில் வைத்து வயிற்றைக் கிழித்தாள். உள்ளேயிருந்து வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகள் நாலு விழுந்தன. எடை ஏற்றுவதற்காக எவனோ மீனின் வாய்வழியாகத் திணித்து வைத்திருக்கிறான். ஏலக்காரன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியதுதான் தெரியும். அதற்குப் பிறகு தராசில் சண்டை வந்தால் செல்லம்மாவைக் கூப்பிடுவார்கள். அவள் கையில் வாங்கிப் பார்த்து ஒரு கணக்குச் சொல்வாள். தராசு பொய் சொன்னாலும் சொல்லும், அவள் கை சொல்லாது.

இப்போது முழங்கால் போய்விட்டது, ஏலத்துக்குப் போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து வேறொரு வேலை பார்க்கிறாள். அது கூலி இல்லாத வேலை.

அவள் புருஷன் சுப்புராயன் எட்டு வருஷத்துக்கு முன் கடலில் போனான். அன்றைக்குக் காற்று வருகிற சேதி கரைக்கு வந்திருந்தது. அதைக் கடலில் இருந்த போட்டுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. மூன்றாம் நாள் எண்ணூர் முகத்துவாரத்தில் உடம்பு ஒதுங்கியது. அதற்கப்புறம் ஊர் கூடிக் கரைக்கென்று ஒரு வயர்லெஸ் செட்டு வாங்கியது. அதில் பேசினால் கடலில் இருக்கும் போட்டுகளின் கை செட்டில் கேட்கும். "அத்த என் வூட்லயே வைங்க" என்று செல்லம்மா ஒரே வார்த்தை சொன்னாள், ஒருவரும் மறுக்கவில்லை. மொட்டை மாடியில் கம்பம் நட்டார்கள். அன்றிலிருந்து குப்பத்து ஆறு ஃபைபர் போட்டுக்கும் கரையின் குரல் அவள்தான். ஆறில் ஒன்று அவள் மகன் வெற்றியுடையது.

காற்றுச் சேதி வருவது மீனவர் வாட்ஸ்அப் குரூப்பில். வீட்டுக்குப் பின்னால் கண்டெய்னர்களை அடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டுக்குள் டவர் கிடைப்பதில்லை. அதனால் பிராட்பேண்ட் போட்டார்கள். கனெக்‌ஷன்காரன் சும்மா கொடுத்த ரவுட்டர் ஒரு நோஞ்சான். மணிக்கொரு தரம் சிவப்பு லைட்டைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். ஆனால் சிவப்பைப் பார்த்தால் போதும், செல்லம்மா போனை எடுத்துக்கொண்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டே, கடற்கரைக் கல் மேல் போய் நின்றுவிடுவாள். அங்கே டவர் கிடைக்கும். ஒருமுறை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சிவப்பு எரிந்தது. சேதி அரைமணி தாமதம். தீபன் என்கிற பையனுடைய போட்டு பாதித் தண்ணீரோடு வந்து சேர்ந்தது. ஊர் கூடியது. நல்லதாக ஒன்று வாங்கு, நீயே பார்த்து வாங்கு என்றார்கள். உன் கை தப்பாது என்றும் சொன்னார்கள். அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மருமகள் மோகனப்ரியாவைக் கூட்டிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனாள். கடைக்காரர் ரஷீது பாய், பொறுமையான மனுஷன். வீட்டுச் சுவர் எத்தனை, கரண்டு அடிக்கடி போகுமா, எதற்காக வேண்டும் என்று எல்லாம் கேட்டுவிட்டு ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"யம்மா, உன் வேலைக்கு வேகம் வோணாம், வுடாம ஓடணும். இது ஓடும். மூணு வருசம் வாரன்டி, பில்லு கீது. கூட இந்தச் சின்ன பேட்டரியும் மாட்டிக்க, கரண்டு பூட்டாலும் நாலு மணி நேரம் நிக்கும்."

செல்லம்மா அதை உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"இன்னா பாய், காஞ்ச சென்னாகுன்னி எறா மாரி கீது? ஊதி வுட்டா பறந்துடும். இத்த நம்பி ஆறு போட்டக் கடலுக்கு அனுப்பச் சொல்றியா?"

"உள்ள இன்னா கீதுன்றதுதான் முக்கியம்மா. இது மீனு இல்ல."

"அத்தை, பாய் சொல்றதக் கேளு" என்றாள் மோகனப்ரியா.

கேட்கவேண்டுமே! மீனு இல்ல என்ற வார்த்தை அவளைச் சுட்டுவிட்டது. எழுந்து வந்துவிட்டாள். பஸ் ஸ்டாப் பக்கத்துப் பிளாட்பாரத்தில் ஒருவன் சார்ஜரும் இயர்போனும் பரப்பி வைத்திருந்தான். நடுவில் கறுப்பாக ஒரு ரவுட்டர், ஆறு கொம்போடு நண்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. செல்லம்மா குனிந்து எடுத்தாள். கை தாழ்ந்தது. அன்றைக்கு முதல்முறையாக அவள் முகம் மலர்ந்தது.

"தோ, இது பொருளு."

"பில்லு குடுப்பானா அத்தை?"

"மீனுக்கு எவன்டி பில்லு குடுக்குறான்?"

அப்படித்தான் அது வீட்டுக்கு வந்தது. சுப்புராயன் போட்டோ இருக்கும் பலகையில், செட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. ஒரு வாரம் பச்சை லைட்டு இமைக்கவே இல்லை. குப்பத்தில் வந்து பார்க்காத ஆள் இல்லை. செல்லம்மாவும் கல்யாணப் பெண்ணைக் காட்டுகிற மாதிரிக் காட்டினாள்.

அடுத்த வாரம் மோகனப்ரியா ஒன்றைக் கவனித்தாள். லைட்டு பச்சையாகவே இருக்கிறது, போனிலும் வைஃபை குறி முழுசாக இருக்கிறது, ஆனால் படம் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெட்டியைத் தொட்டால் சுட்டது. ஒயரைப் பிடுங்கி மாட்டினால் சரியாகிவிடும்.

"சில நேரம் ஒண்ணுமே வர்ல அத்தை. ஆனா பச்சை எரிஞ்சிகினே கீது. எனக்கு என்னமோ பயமா கீது."

"உன் போனு பேஜாரு. பொருள ஏன் கொற சொல்ற?"

மோகனப்ரியா ஒயரைப் பிடுங்கி மறுபடி மாட்டினாள். பாவம், மாமியாரின் கையை எதிர்த்து அந்தக் குப்பத்தில் யார் பேச முடியும்?

ஐப்பசி பிறந்து பத்து நாள். விடியும் முன்பே ஆறு போட்டும் போய்விட்டன. ஒன்பது மணிக்கு வெயில் ஒரு தினுசாக வெளுத்தது. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி படுத்துக் கிடந்தது. எண்ணூர்ப் புகைபோக்கிப் புகை, எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் சாய்கிற புகை, அன்று நட்டமாக மேலே போனது. செல்லம்மா அதை ஜன்னல் வழியே பார்த்தாள், பெருங்காற்றுக்கு முன்னால் கடல் இப்படித்தான் அடங்கும். போனை எடுத்துப் பார்த்தாள். குரூப்பில் ஒன்றும் இல்லை. பலகையைப் பார்த்தாள். பச்சை எரிந்தது. சேதி இல்லை என்றால் நல்ல சேதிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறால் உரிக்க உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குச் செட்டு கரகரத்தது. வெற்றி.

"யம்மா, வடக்கால கருக்கலா கீது. குரூப்புல எதுனா வந்துச்சா?"

செல்லம்மா இன்னொரு தரம் போனைப் பார்த்தாள். இன்னொரு தரம் பச்சையைப் பார்த்தாள்.

"ஒண்ணும் வர்ல நைனா. நெட்டு சோக்கா எரியுது. பயப்படாத."

"அப்ப இன்னும் கொஞ்சம் வெளில போயி வலைய வுடறேன். இங்க மீனே இல்ல."

"போ, போ. பாத்துப் போ."

இவ்வளவுதான் பேசினார்கள். இதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

பன்னிரண்டரைக்கு மோகனப்ரியா தெருக்கோடியிலிருந்து ஓடிவந்தாள். ரேஷன் கடைக்குப் போயிருந்தவள், பை இல்லை, செருப்பும் இல்லை. கடை வரிசையில் நிற்கும்போது அவள் போனில் டவர் கிடைத்திருக்கிறது. வரிசையாகச் சேதிகள் விழுந்திருக்கின்றன. போனை மாமியார் முகத்துக்கு நேரே நீட்டினாள். முதல் சேதி காலை ஒன்பது பத்துக்கு வந்தது. வாடைக்காற்று பலமாக வீசும், கடலில் உள்ளவர்கள் உடனே கரை திரும்பவும் என்று இருந்தது. அதற்குப் பிறகு அதே சேதி எட்டு தரம்.

செல்லம்மாவின் போனில் ஒன்றுகூட இல்லை. பலகையில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

அவள் செட்டைப் பிடுங்கினாள். "கரை கூப்புடுது, கரை கூப்புடுது! எல்லாரும் வலைய அறுத்துப் போட்டுட்டு வாங்கடா! வாடை வருது!" ஒவ்வொரு போட்டாகப் பதில் வந்தது. அஞ்சு பதில். ஆறாவதற்காக அவள் மறுபடி கூப்பிட்டாள், மறுபடி, மறுபடி. புகைபோக்கிப் புகை தெற்கே ஒடிந்து விழுந்தது. கண்டெய்னர் தகரங்கள் டமடமவென்று அடித்துக்கொண்டன.

மூன்று மணிக்குள் அஞ்சு போட்டும் எப்படியோ கரையேறின. தீபன் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றான்.

"பெரியம்மா, வெற்றி அண்ணன் முப்பது பாகம் ஆழத்துக்கும் வெளில போயிகினு இருந்துச்சு. காத்து வர்து, திரும்பலாம்னு கத்னேன். கரைல ஒண்ணும் இல்லன்னு அம்மா சொல்லிச்சு, நீ போன்னுச்சு."

வெற்றியோடு போன இரண்டு பேரின் வீட்டுப் பெண்களும் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்கள்.

மோகனப்ரியா அழவில்லை. நேரே பலகைக்குப் போனாள். ரவுட்டரை ஒயரோடு பிடுங்கித் தரையில் அடித்தாள். கறுப்பு மூடி இரண்டாகப் பிளந்தது. உள்ளே பச்சையாக ஒரு சின்னத் தகடு, தீப்பெட்டி அளவுதான், அதில் நாலு கம்பி. மற்ற இடமெல்லாம் காலி. அடியில் மட்டும் ஏதோ ஒன்று பசை போட்டு ஒட்டியிருந்தது. அது கழன்று உருண்டு வந்து செல்லம்மாவின் கால் பக்கத்தில் நின்றது.

இரும்புத் துண்டு. வேறு எதற்கும் இல்லை, எடைக்காக வைத்தது.

செல்லம்மா குனிந்து எடுத்தாள். அவளுக்கே தெரியாமல் கை அதை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தது. "இருநூத்தி அம்பது கிராம்" என்றாள், யாரிடமும் இல்லாமல். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பிறகு அதை மடியில் போட்டுக்கொண்டு செட்டை எடுத்தாள்.

"வெற்றி, கரை கூப்புடுது. நைனா, கரை கூப்புடுது."

செட்டு இரைந்துகொண்டே இருந்தது. அவள் மறுபடி கூப்பிட்டாள்.