சிரிக்காமல் போன பிணம்

நெட்டுக்குப்பம் சுப்புராயன் செத்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். அன்றைக்குச் சாயந்திரமே எழுந்து உட்கார்ந்து இரண்டு பொட்டலம் பிரியாணி சாப்பிட்டார் என்பது வேறு விஷயம். படம் பார்த்த ஜனங்களுக்கு அவர் செத்தது மட்டும்தான் தெரியும். பிரியாணியை யாரும் படம் பிடிக்கவில்லை.

அந்தக் காட்சியைச் சொன்னால் உங்களுக்கும் தொண்டை அடைக்கலாம். கதாநாயகன் வெளியூரிலிருந்து திரும்பி வருகிறான். எண்ணூர் முகத்துவாரத்தில் அவன் அப்பாவின் பிணம் மிதந்து வருகிறது. படகில் தூக்கிக் கிடத்துகிறார்கள். வசனம் இல்லை, வயலின் இல்லை. மகன் தன் சட்டையைக் கழற்றி அப்பாவின் பாதத்தில் அப்பியிருக்கும் அனல்மின் நிலையச் சாம்பலைத் துடைக்கிறான். துடைக்கத் துடைக்கச் சாம்பல் போகவில்லை. அவ்வளவுதான். தியேட்டரில் பாப்கார்ன் தின்ற வாய்கள் அப்படியே நின்றுபோயின. விமர்சகர்கள் மௌனத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார்கள். தாம்பரத்திலிருந்தும் போரூரிலிருந்தும் ஜோடி ஜோடியாகக் கிளம்பி வந்து, அதே இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, போட்டோவுக்கு மட்டும் கையை எடுத்தார்கள்.

கதாநாயகனுக்குத் தொண்டை அடைத்ததும் அந்த மூக்குச் சமாசாரத்தால்தான் என்பது படகில் கிடந்த அப்பாவுக்குத் தெரியும். மேக்கப்காரர் பெட்டியைத் திறந்தார், தண்ணீரிலிருந்து ஏறிவந்த சுப்புராயனை மேலும் கீழும் பார்த்தார், பெட்டியை மூடிவிட்டார். அதற்கு மேல் போட அவரிடம் ஒன்றும் இல்லை.

பிண வேடம் சும்மா கிடைத்துவிடவில்லை. ஐம்பது வயது சுப்புராயனுக்குக் கைவந்த கலை இரண்டு. ஒன்று வலை, இன்னொன்று தூக்கம். கல்யாண வீட்டு ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியிலேயே கட்டையாகத் தூங்கக்கூடியவர். குப்பத்தில் மற்றவர்களைப் படுக்கவைத்துப் பார்த்தபோது ஒருவனுக்கு இமை துடித்தது, ஒருவனுக்குத் தொப்பை ஏறி இறங்கியது. சுப்புராயன் சேற்றில் படுத்தார், தூங்கிவிட்டார். "நேச்சுரல்!" என்று இயக்குநர் கண் கலங்கினார்.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை அப்படியே எழுந்து போக விடமாட்டார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்து, ஆளை உட்காரவைத்து, காமிராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பார்கள். அது படத்தில் வராது. காமிராவுக்குள் செத்தவன் காமிராவுக்குள்ளேயே பிழைத்து வந்துவிட வேண்டும் என்பது ஐதீகம். அன்றைக்குப் பார்த்து வெளிச்சம் போய்விட்டது, கதாநாயகனுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. புரொடக்ஷன் மேனேஜர் ஹபீபுல்லா பூசணிக்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வண்டி ஏறினார். "நாளைக்கு எடுத்துக்கலாம் நைனா. நீ எங்க ஓடிடப்போற?" மறுநாள் அவர்கள் பொள்ளாச்சியில் இருந்தார்கள்.

ஊருக்குத் தெரியாதவரை இதில் ஒரு கெடுதலும் இல்லை. படம் ஓடிக்கொண்டிருந்த சமயம் டிவி பேட்டியில் ஒரு நடிகை இந்த வழக்கத்தைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். சுப்புராயன் மனைவி புஷ்பவல்லி சங்கரா மீன் செதில் எடுத்தபடியே அதைப் பார்த்தாள்.

"யோவ், அன்னிக்கி செத்தியே, அப்பால உன்ன சிரிக்க வச்சாங்களா?"

"இன்னாத்துக்கு? பிரியாணி குட்த்தாங்க, துன்னேன்."

புஷ்பவல்லி கையிலிருந்த மீன் நழுவித் தரையில் விழுந்தது.

மறுநாள் அவள் தம்பி செல்வம் படகைத் தள்ள அவரைக் கூப்பிடவில்லை. ஃபைபர் படகு மாமனுக்கும் மச்சானுக்கும் பொது. சுப்புராயன் துடுப்போடு போய் நின்றார்.

"தப்பா எட்த்துக்காத மாமா. செத்த ஆள ஏத்திகினு போனா கடலு இன்னா நெனைக்கும்? இவன் நம்மாளுதான்னு வச்சிக்கும்."

"டேய், உயிரோடதான்டா கீறேன்! கிள்ளிப் பாரு!"

"எனக்குத் தெரியுது மாமா. கடலுக்குத் தெரியணுமே. எங்க அக்காவ நெத்தி காலியா என்னால பாக்க முடியாது."

அன்றிலிருந்து சுப்புராயன் கரையாளானார். அடுத்தவன் வலையில் கிழிசல் தைத்தார், ஐஸ் பெட்டிக்குக் காவல் இருந்தார், நாய் விரட்டினார். கடலில் இருக்கும்போது தூங்கித் தூங்கி வழிந்தவருக்குக் கரையில் தூக்கமே வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவரைப் பக்கத்தில் நிறுத்தி, "கொஞ்சம் செத்த மாதிரி முகத்த வைங்க" என்றார்கள். அதற்கு அவர் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. நம் ஜனங்கள் ஒரு காட்சியை மனசில் வைத்துக்கொண்டால் அதில் இருக்கிறவனை வெளியே விடமாட்டார்கள்.

செல்போனில் சிரித்துப் பார்த்தார். டீக்கடை கூடி யோசித்து, செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. செத்தது பெரிய காமிராவில், பிழைப்பது மட்டும் செல்போனிலா?

ராயபுரத்தில் ஹபீபுல்லாவைத் தேடிப்பிடித்துக் கெஞ்சினார். ஹபீபுல்லா நல்ல மனுஷர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கைவிரித்தார்.

"அந்த காமிரா வாடகைக்கி வந்தது நைனா, போயிட்ச்சி. ஒண்ணு பண்றேன். அட்த்த படத்துல உனக்கு சோக்கா ஒரு பொணம் தர்றேன். லாரி அட்ச்சி சாவுற. ரெண்டுக்கும் சேத்து அதுல சிரிச்சிடு."

சுப்புராயனுக்கு இது நியாயமாகத்தான் பட்டது. புஷ்பவல்லிக்குப் படவில்லை. "அன்னிக்கும் அவனுங்களுக்கு பிளேனு இருந்தா? ரெண்டு தபா செத்தவனா வந்து நிப்ப. கம்முனு கெட."

கடைசியில் காமிரா தானாகவே தேடி வந்தது. மறக்க முடியாத சினிமாக் காட்சிகளைப் பற்றி நிகழ்ச்சி நடத்தும் ஒரு யூடியூப் சேனல், இயக்குநரையே அந்த இடத்துக்குக் கூட்டிவந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், நெட்டுக்குப்பத்துக்கு அதுவரை வந்திராத வெள்ளை ஷூ. புகைபோக்கிகள் பின்னால் தெரியும்படி நின்றுகொண்டு அவர் பேசினார்.

"இந்த மண் என்கிட்ட பேசுச்சு."

"நம்மளாண்ட கலெக்டரே பேசல, இவராண்ட மண்ணு பேசிச்சாம்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

இயக்குநர் மௌனத்தின் மகிமையை விளக்கி முடித்ததும் சுப்புராயனைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர் கும்பிட்டார்.

"சார், ஒரே ஒரு சிரிப்பு. இந்தக் காமிராவுல எட்த்துக் குட்த்தீங்கன்னா நான் கடலுக்குப் போயிடுவேன். நீங்க பக்கத்துல நின்னாதான் ஊரு ஒத்துக்கும்."

விஷயம் புரிய இயக்குநருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகத்தில் கருணை வந்தது. சினிமாக்காரர்களின் கருணை கொஞ்சம் ஆபத்தானது.

"ஐயா, இதெல்லாம் மூடநம்பிக்கை. நான் பகுத்தறிவுவாதி. அதுமட்டுமில்ல, உங்க அந்த முகம் மக்கள் மனசுல அப்படியே தங்கிடுச்சு. அதுல ஒரு சிரிப்பை வெச்சா என் காட்சி செத்துடும்."

"உன் காட்சி சாவக்கூடாது, எம் புருசன் செத்தா பரவால்லியா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு புஷ்பவல்லி வந்தாள். கையில் பூசணிக்காய். உச்சியில் கற்பூரம் எரிந்தது. உள்ளே குடைந்து குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, காலையிலிருந்தே தயாராக வைத்திருந்தாள். புருஷனை மூன்று முறை சுற்றினாள். "சார், தள்ளிக்குங்க" என்று செல்வம் சொன்னான். காமிராவுக்கு முன்னால் பிடித்த இடத்தை விட்டுத் தள்ளிப்போகும் பழக்கம் இயக்குநருக்கு இல்லை.

பூசணிக்காய் அவர் காலடியில் வெடித்தது. ஷூவிலிருந்து மார்பு வரை சிவப்பு. "ஐயோ, டைரக்டர குத்திட்டாங்கடீ!" என்று பின்வரிசையில் ஒருத்தி அலறினாள். அப்புறம் சத்தமே இல்லை. அவர் அத்தனை நேரம் விளக்கிய மௌனம் அசலாக வந்து நின்றது. இயக்குநர் தன் மார்பைக் குனிந்து பார்த்தார். வாய் பிளந்து, கண் நிலைகுத்தி, அசைவில்லாமல் நின்றார்.

சுப்புராயனுக்கு வயிற்றிலிருந்து கிளம்பியது. முதலில் மூக்கு வழியாக வந்தது, அப்புறம் தோள் குலுங்கியது, கண்ணில் நீர் கொட்டியது. கரையில் உட்கார்ந்திருந்த நாட்கள் எல்லாம் சேர்ந்து சிரித்தன. விலாவைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

புஷ்பவல்லி சிரிக்கவில்லை. காமிராக்காரரிடம் போனாள்.

"ஓடிச்சா?"

"ஓடிச்சுக்கா."

"செல்வம், படகத் தள்ளுடா."

ஆண்கள் படகை நோக்கி ஓடினார்கள். இயக்குநர் கைக்குட்டையால் மார்பைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கச் சிவப்பு போகவில்லை. காமிராக்காரர் பக்கம் மெதுவாக நகர்ந்தார்.

"நான் இப்படி நின்னது பதிவாச்சா?"

"ஆச்சு சார். பிரமாதம். அப்படியே செத்த ஆள் மாதிரி."

பகுத்தறிவுவாதி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "ஒரு நிமிஷம், ஆஃப் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு, காமிராவைப் பார்த்துப் பல் தெரிய இளித்தார்.

இடுப்பளவுத் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டிருந்த சுப்புராயன் திரும்பிக் கத்தினார்.

"இன்னொரு தபா சார்! கொஞ்சம் நேச்சுரலா!"