சுகந்தி இல்லாத நாற்பது நிமிடம்

உப்புவெளியில் எங்கள் எம்ப்ராய்டரிக் கடையில் கம்ப்யூட்டர் மெசின் ஓட்டுவது சுகந்தி; வேலையைப் பிரித்துக் கொடுப்பது நான். தினமும் பத்தரைக்கு மகனுக்குப் பால் கொடுக்க வீட்டுக்குப் போவாள்.

அதனால் நிலாவெளி ஹோட்டல்களின் பெரிய கட்டில் விரிப்புகளை அந்த நேரத்துக்கென்றே ஒதுக்கி வைப்பேன். ஓடவிட்டால் நாற்பது நிமிடம் ஆள் தேவையில்லை.

இன்று பத்தரை தாண்டியும் மெசினுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாள்.

“இண்டைக்குப் போகேல்லையோ?”

“இனித் தேவையில்லை அக்கா. மூண்டு நாளாப் போயும் குடிக்கிறானில்லை. மறந்திட்டான்.”

மெசின் தன்பாட்டில் ஓடியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“சும்மா எண்டாலும் ஒருக்கா அவன்ர முகத்தைப் பாத்திட்டு வாரும்,” என்றேன்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

நாளைக்கும் பத்தரைக்குப் பெரிய விரிப்புத்தான் போட்டிருக்கிறேன். முதலாளியின் கண்ணில் படாதபடி இந்த முகநூல் பதிவை மறைத்திருக்கிறேன். நீங்களும் வாயைத் திறக்காதீர்கள்.